பதிப்பாளர் சங்கமும் தலைமை மாற்றமும்: சில குறிப்புகள்

பூந்தமல்லியையும் திருமழிசையையும் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் சென்றால் குத்தம்பாக்கத்துக்குப் பிரியும் சாலை வரும். எங்கள் பகுதியில் பதிப்பாளர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்கு ஐந்தாறு நூல்கள் வெளியிடுவார். வீட்டின் முன்னறைதான் கிடங்கு; கட்டுகளுக்கு இடையே ஒற்றையடிப் பாதைபோல் ஒரு வழி விட்டிருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலையில், மெய்ப்புப் பார்த்த தாள்களைக் கொடுப்பதற்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தொலைபேசியில் யாருடனோ பதிப்பாளர் சங்கத் தேர்தலைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், "தலைவராக யார் வந்தால் உங்களுக்கென்ன?" என்று சற்று அலட்சியமாகக் கேட்டுவிட்டேன்.

"சார், உங்களுக்கு வருஷம்னா பன்னெண்டு மாசம். எனக்கு ஜனவரியில வர்ற அந்தப் பதினஞ்சு நாள்தான் வருஷம். கடை எங்க விழும், வாடகை எவ்வளவு, சின்னவனுக்கு இடம் உண்டா இல்லையா, எல்லாம் அங்க உட்காருறவங்க கையில இருக்கு" என்றார்.

அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை நாம் பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். தாமோதரம் பிள்ளை, சாமிநாதையர் என்று தொடங்கிப் பதிப்பாசிரியர்களைப் போற்றுகிறோம். நூலை அச்சிட்டு விற்றவர்களைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறோம். அவர்கள் கூடி அமைத்த சங்கங்களைப் பற்றி, குறிப்பாக அச்சங்கங்களில் தலைமை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எவ்வாறு போயிற்று என்பதைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. இக்கட்டுரை அந்தத் திசையில் சில குறிப்புகள் மட்டுமே.

*

முதலில் தனி வீடுகளை, அதாவது பதிப்பகங்களைப் பார்க்கலாம். சங்கத்தின் உறுப்பினர்கள் அவர்கள்தாம்.

சிறு பதிப்பகம் பெரும்பாலும் ஒருவருடைய ரசனையின் விரிவு. எந்த நூலைப் போடுவது, எந்தத் தாளில் போடுவது, யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவர் போனால் பதிப்பகமும் போய்விடும். இதற்குச் 'சக்தி' வை. கோவிந்தன் பெரிய சான்று. 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கியவர். டால்ஸ்டாயைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு உடையவர். 1957இல் பாரதியின் கவிதைத் தொகுப்பை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர். ஆனால் 1966இல் அவர் மறைவதற்கு முன்பே அவருடைய நிறுவனம் நொடித்துவிட்டது. அச்சுக்கலையில் அவர் கண்ட உயரத்தை எடுத்துச் செல்ல வாரிசாக ஒரு நிறுவனம் இல்லை.

நிறுவியவரைத் தாண்டி நின்றவை சில உண்டு. 1920இல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாகப் பதிவாயிற்று. 1951இல் தோன்றிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்துக்குப் பின்னால் ஓர் அரசியல் இயக்கம் இருந்தது. மற்ற பலவற்றில் மகன் வந்தான், மருமகன் வந்தான். பங்கு, இயக்கம், இரத்த உறவு ஆகிய இம்மூன்றில் ஒன்று இல்லாத பதிப்பகம் ஒரு தலைமுறைக்கு மேல் நீடிப்பது அரிது.

சங்கம் இம்மூன்றுக்கும் புறம்பானது. அங்கே பங்கு கிடையாது. மகனுக்கு உரிமை கிடையாது. தம் வீட்டில் வாரிசு முறையையே அறிந்தவர்கள், சங்கத்தில் மட்டும் வாக்குச்சீட்டால் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாகவும் இருக்கிறார்கள். இந்த முரண்பாட்டைக் கவனத்தில் கொண்டால்தான் அடுத்து வருவன விளங்கும்.

*

ஒருவரை நம்பி நின்ற சங்கம் என்னவாகும்? குழந்தை எழுத்தாளர் சங்கத்தின் கதையைச் சொல்லலாம். அது எழுத்தாளர் சங்கமே எனினும் பதிப்புலகத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. 1950இல் அது தொடங்கியபோது முதல் தலைவர் மேலே சொன்ன அதே வை. கோவிந்தன். ஆனால் சங்கத்தின் உயிர்நாடி அழ. வள்ளியப்பா. இந்தியன் வங்கியில் பணிபுரிந்துகொண்டே, குழந்தைகளுக்கு எழுதுவோரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்தார். மாநாடுகள் நடந்தன, குழந்தைப் புத்தகக் காட்சிகள் நடந்தன. தலைவர் பதவியில் யார் இருந்தாலும் சங்கம் என்றால் வள்ளியப்பா என்றே மக்கள் எண்ணினார்கள்.

1989இல் அவர் மறைந்தார். அதன்பின் சங்கத்துக்குப் பழைய வேகம் இல்லை. ஆண்டுகள் உருண்டோடி, 2021இல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் என்ற புதிய அமைப்பைத் தோற்றுவித்தபோது, புதிய தலைமுறையினர் ஏறக்குறைய முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. வள்ளியப்பாவைக் குறைசொல்ல இதைக் கூறவில்லை. அத்தகைய ஒருவர் கிடைத்தது நம் பேறு. ஆனால் ஒரு மனிதரின் உழைப்பும் அவருக்கிருந்த அன்பும் அறிமுகங்களும், இன்னொருவர் எடுத்து நடத்தக்கூடிய வடிவத்தில் எழுதிவைக்கப்படாவிட்டால், அவை அவரோடு போய்விடுகின்றன.

அண்டை மாநிலத்தில் இதற்கு மாறான ஒன்று நிகழ்ந்தது. 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் கூடி, 120 ரூபாய் முதலீட்டில் சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் முதல் தலைவர். காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். பால் 1952இல் மறைந்தபோது சங்கம் சாயவில்லை. கூட்டுறவுச் சட்டம், பங்கு, கணக்கு, எழுத்தாளருக்கு உரிய உரிமைத்தொகை என்று எல்லாம் தாளில் இருந்தன. மலையாள எழுத்தாளர் பேனாவை நம்பி வாழ முடியும் என்ற நிலைக்கு இச்சங்கமும் ஒரு காரணம்.

ஆயினும் அங்கும் ஒரு பாடம் உண்டு. சங்கத்தின் விற்பனையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் டி.சி. கிழக்கேமுறி. அவர் சங்கத்தை விட்டு வெளியே வந்து 1974இல் டி.சி. புக்ஸைத் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலையாளப் பதிப்புலகின் முன்னணி இடம் சங்கத்திடமிருந்து அந்தத் தனியார் நிறுவனத்துக்கு நகர்ந்துவிட்டது. 1999இல் அவர் மறைந்தபின் மகன் ரவி டி.சி. பொறுப்பேற்றார். சங்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் பழைய பொலிவு இல்லை. விதிகள் இருந்தன, ஆள் போய்விட்டார். குழந்தை எழுத்தாளர் சங்கத்தில் ஆள் இருந்தார், அவருக்குப்பின் நடத்தும் முறை இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

*

இனிப் பபாசி. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் என்ற நீண்ட பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. 1976இல் தொடங்கிய சங்கம் இது. மறு ஆண்டு டிசம்பரில் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் முதல் புத்தகக் கண்காட்சியை நடத்தியது. அரங்குகள் 22. பி.ஐ. பப்ளிகேஷன்ஸ் கே.வி. மேத்யூ போன்ற ஆங்கில நூல் வணிகர்கள் முன்னின்ற காலம் அது. அண்ணா சாலையில் பெரிய கடை வைத்திருந்தவர்கள் ஆங்கில நூல் விற்றவர்களே. பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் நூல் வழங்கியவர்களும் அவர்களே.

பபாசியின் முதல் பெரிய தலைமை மாற்றம் என்று நான் கருதுவது ஒரு தலைவருக்குப் பின் இன்னொரு தலைவர் வந்ததை அன்று. ஆங்கில நூல் வணிகர்களிடமிருந்து தமிழ்ப் பதிப்பாளர்களிடம் சங்கம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்ததைத்தான். அதற்கு நாள் குறிக்க முடியாது. புரட்சி ஏதும் நடக்கவில்லை. தமிழ் அரங்குகள் பெருகின, தமிழ் வாசகர் கூட்டம் பெருகியது, சங்கத்தின் முகமும் மாறியது. பின்னாளில் தலைமைப் பொறுப்பில் இருந்த காந்தி கண்ணதாசன், ஆர்.எஸ். சண்முகம், எஸ். வயிரவன், சேது சொக்கலிங்கம் ஆகிய பெயர்களைப் பார்த்தாலே இது தெரியும். அனைவரும் தமிழ்ப் பதிப்பகங்களை நடத்துபவர்கள்.

கல்லூரி மாணவனாக நான் போன கண்காட்சிகள் காயிதே மில்லத் கல்லூரியில் நடந்தவை. 2007இல் அது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே உள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளிக்கு வந்தது. எங்கள் பக்கத்து மக்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். பூந்தமல்லியில் பேருந்து ஏறினால் இடையில் மாறவேண்டாம்; வாசலில் இறங்கலாம். 2013இல் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பாளர் பலருடைய கிடங்குகள் மூழ்கின. 2016 ஜனவரியில் கண்காட்சி இல்லை. ஜூன் மாதம் தீவுத்திடலில் நடந்தது. 2017இலும் 2018இலும் மீண்டும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி. பிறகு மறுபடியும் நந்தனம். கொரோனாவால் 2021இலும் 2022இலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குத் தள்ளிப்போயிற்று. 2024 டிசம்பர் 27 அன்று தொடங்கியது 48ஆவது கண்காட்சி. அரங்குகள் சுமார் 900.

இந்தப் பட்டியலை நான் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இடம் மாறியது, மாதம் மாறியது, தலைவர்கள் மாறினார்கள், கண்காட்சி தொடர்ந்தது. மனக்கசப்புகளும் அணிகளும் இல்லாத சங்கம் எங்கும் இல்லை. ஆனால் ஒருவர் தோற்று மற்றொருவர் வென்ற ஆண்டிலும் ஜனவரியில் பந்தல் போடப்பட்டது. ஏனெனில் கண்காட்சி நடத்தும் அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை. குலுக்கலில் அரங்கு ஒதுக்குவது எப்படி, உறுப்பினருக்கு என்ன வாடகை, உறுப்பினரல்லாதவருக்கு என்ன வாடகை, பந்தல்காரரிடம் எப்போது பேசுவது என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்த நடைமுறைகளாகிவிட்டன. தலைவராக இருந்தவர் பிறகு குழுவில் இருக்கிறார். செயலாளராக இருந்தவர் பிறகு தலைவராகிறார்.

இதே இயல்புக்கு ஒரு நிழலும் உண்டு. சில பெயர்களே மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றன. சட்டம் இதைத் தடுப்பதில்லை. தமிழ்நாட்டில் சங்கங்களைப் பதிவுசெய்யும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது என்கிறது. அதே ஆள் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தடை விதிக்கவில்லை. அனுபவம் உள்ளவரையே மறுபடி தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. எனினும் அனுபவம் பெற வாய்ப்பே தராவிட்டால் புதியவருக்கு அது எங்கிருந்து வரும்? கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்ப் பதிப்பின் தொழில்நுட்பமும் வாசகரும் மாறியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் முதற்பதிப்பு என்றால் 1200 படிகள். இன்று தேவைக்கேற்ப நூறு படி, ஐம்பது படி அச்சிடுகிற இளைஞர்களும் இளம்பெண்களும் பதிப்பாளர்களாக இருக்கிறார்கள். சங்கத்தின் மேசையில் இவர்களுக்கு என்று இடம் கிடைக்கும் என்பது வெறும் மரியாதை சார்ந்த கேள்வி அன்று.

*

உலகின் பிற இடங்களில் இக்கேள்வியை எப்படிக் கையாண்டார்கள்? இரண்டு வழிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று, அடுத்தவரை முன்கூட்டியே பக்கத்தில் உட்காரவைப்பது. 1896இல் பாரிஸில் தோன்றிய பன்னாட்டுப் பதிப்பாளர் சங்கத்தில் தலைவரின் பதவிக்காலம் 2 ஆண்டுகள். துணைத்தலைவராக இருந்தவர் அடுத்துத் தலைவராவது அங்கே வழக்கமாகியிருக்கிறது. 2021இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் போதூர் அல் காசிமி, 2023இல் பிரேசிலின் கரீன் பான்சா, 2025இல் ஜார்ஜியாவின் குவாந்த்சா ஜோபாவா என்று தலைமை கைமாறியது இவ்வாறுதான். மூவரும் பெண்கள், மூவரும் வெவ்வேறு கண்டத்து மொழிகளையும் சந்தைகளையும் அறிந்தவர்கள். இரண்டு ஆண்டுகள் கோப்புகளோடு பழகியபின் நாற்காலிக்கு வருவதால், வந்த அன்று எதுவும் புதிதாக இருப்பதில்லை.

மற்றொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையையும் அன்றாட நிர்வாகத்தையும் பிரித்துவைப்பது. அமெரிக்காவில் 1983இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சிறு பதிப்பாளர்கள் தொடங்கிய அமைப்பே இன்றைய இண்டிபெண்டன்ட் புக் பப்ளிஷர்ஸ் அசோசியேஷன். அதன் நிர்வாக இயக்குநராகத் தொடக்கத்திலிருந்து 2007இல் இறக்கும் வரை உழைத்தவர் ஜான் நேதன் என்ற பெண்மணி. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஒருவரே தாங்கிய அமைப்பு அது. அவர் மறைந்தபோது அதன் கதி நம் குழந்தை எழுத்தாளர் சங்கத்தின் கதியாகியிருக்கலாம். ஆகவில்லை. சம்பளம் பெறும் அலுவலகமும், அந்த அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் இருந்தன. 2013இல் ஆஞ்சலா போல், 2022இல் ஆண்ட்ரியா பிளெக்-நிஸ்பெட் என்று பொறுப்பு நகர்ந்தது.

இவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து நடமுடியாது. ஆனால் பபாசியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2007இல் 30ஆவது கண்காட்சியின்போது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தம் சொந்தப் பணத்திலிருந்து ஒரு கோடி ரூபாயைச் சங்கத்துக்கு அளித்தார். முதல் அப்படியே இருக்க, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் எழுத்தாளர்களுக்குப் பொற்கிழி வழங்கப்படுகிறது. ஆட்சி மாறியது, சங்கத் தலைவர்கள் மாறினார்கள், கொடுத்தவரும் 2018இல் மறைந்தார். பொற்கிழி நிற்கவில்லை. யார் வந்தாலும் செய்தாக வேண்டிய கடமையாக அது வடிவம் பெற்றுவிட்டது. விருது யாருக்குப் போகிறது என்பதில் விவாதம் இருக்கலாம், அது வேறு.

அதுபோல வடிவம் பெறாதவை இன்னும் பல. சங்கத்தின் ஐம்பதாண்டு நடவடிக்கைக் குறிப்புகள் தொகுக்கப்பட்டு ஆய்வாளர் கைக்கு வரவேண்டும். நூலகங்களுக்கு நூல் வாங்கும் கொள்கை பற்றி அரசுடன் நடந்த பேச்சுகள் யார் நினைவிலோ இருந்தால் போதாது. 1948இன் பொது நூலகச் சட்டம் வழியே வீட்டுவரியோடு வசூலாகும் நூலக வரி, சிறு பதிப்பாளருக்குக் கண்காட்சிக்கு அடுத்த வாழ்வாதாரம். 2022 முதல் மாவட்டந்தோறும் அரசே கண்காட்சிகளை நடத்துகிறது; 2023இல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியையும் அரசே தொடங்கிவிட்டது. இந்தச் சூழலில் புதிதாக வருகிற தலைவர், பழைய பேச்சுகளின் கதை தெரியாமல் அதிகாரிகள் முன் உட்கார்ந்தால், நட்டம் அவருக்கு அன்று, முன்னறையைக் கிடங்காக்கியவருக்கு.

*

குத்தம்பாக்கத்தில் வசிக்கிறவனுக்கு இந்தச் சிந்தனை ஊரைச் சுற்றி வராமல் முடியாது. எங்கள் ஊராட்சித் தலைவராக 1996இலும் 2001இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமியைப் பலரும் அறிவார்கள். ஊரில் அவர் செய்தவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பதவியில் இருக்கும்போதே பிற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தருவதற்காக ஓர் அமைப்பை அவர் தொடங்கியது. தமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் அதைப் பாடமாக எழுதவேண்டும். அப்படி எழுதும்போதே அது ஒருவருடைய திறமை என்ற நிலையிலிருந்து பொதுச்சொத்து என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. பதிப்பாளர் சங்கங்களுக்கும் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த தலைவர் யார் என்பதை வாக்காளர் முடிவுசெய்யட்டும். அவர் கைக்கு என்ன போய்ச்சேரும் என்பதை இப்போது இருப்பவர்தான் முடிவுசெய்கிறார்.

இதையெல்லாம் ஒருநாள் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சங்கத்தை விடுங்க சார். எனக்கு எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கின்னு என் வீட்ல யாருக்கும் தெரியாது. எல்லாம் இங்கதான் இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்தமுறை போனபோது மேசையில் நீளமான பேரேடு ஒன்று கிடந்தது. அவர் ஊர்வாரியாகக் கடைப்பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவருடைய மகள் எழுதிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி வரை வந்திருந்தார்கள்.